சிடுமூஞ்சி சிரிக்கக் கற்ற வருடம்

விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. ஓரத்துக் கூண்டில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவது அவருடைய வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் சொல்லிச் சொல்லிப் பழகிப்போய், ஒரு நாள் டீ கொண்டுவருகிறவர் நேருக்கு நேராகவே, "சிடுமூஞ்சி சாருக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் டீயை வாங்கிக் குடித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வேலையில் அந்தப் பெயர் கிட்டத்தட்டப் பாராட்டு.

அவர் சேர்ந்த காலத்தில் மேலதிகாரி சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "வர்றவன் ஒவ்வொருத்தனும் பொய் சொல்றான்னு நெனச்சுக்கிட்டே பாரு. பாஸ்போர்ட்டைப் பாரு, மூஞ்சியைப் பாரு, மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பாரு. நீ சிரிச்சேன்னா அவனுக்குத் தைரியம் வந்துடும்." அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவர் நிமிர்ந்து பார்த்தால், ஒரு பாவமும் அறியாத ஆள்கூடத் திருதிருவென்று விழிப்பான். உண்மையிலேயே கள்ள விசாவோடு வந்த சிலர் அந்தப் பார்வையிலேயே மாட்டிக்கொண்டதும் உண்டு.

பிரச்சினை என்னவென்றால், அந்த முகத்தைக் கூண்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியவில்லை. வீட்டிலும் அதே முகம்தான். அவர் மனைவி வாடகைக்கு எடுத்த சின்னக் கடையில் ஜன்னல் திரை, தலையணை உறை என்று தைத்துக் கொடுப்பவள். ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிப்பாள். "உங்க முகத்தைப் பாத்தா நல்ல பாலும் திரிஞ்சிடும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, நான் காய்ச்சி முடிச்சிடறேன்" என்பாள். அவர் திரும்பிக்கொள்வார். அதற்கும் சேர்த்து அவள் சிரிப்பாள். அவளுக்கு அவர் முகம் ஒரு குறையாகப் பட்டதே இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். கேட்டுப் பார்த்ததில்லை.

அவள் இறந்தது ஒரு பகல் பொழுதில். கடையில் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மகளுக்குத் தகவல் போனது. அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி அப்பாவுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டாள். கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அவருடைய போன் பணியாளர் அறையில் இரும்புப் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு இரண்டு பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்கியிருந்தன. அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். வேலை முடிந்து பெட்டியைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனார். மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமாப்பா" என்றாள். அவர், "பெட்டியில இருந்துச்சு" என்றார். அழுகை வரும் என்று காத்திருந்தார். உறவுக்காரர்கள் வந்தார்கள், தோளைத் தட்டினார்கள், அழுதார்கள். அவர் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டார். "மனுஷன் கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது.

விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, விமான நிலையம் வேறு மாதிரி இருந்தது. தூண்களில் புதுச் சாயம். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய திரையில் கடலும் மலையும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. "என்ன இதெல்லாம்?" என்று பக்கத்துக் கூண்டுக்காரியிடம் கேட்டார். அவருக்குப் பல வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள், அவரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

"பேப்பரே பாக்கலையாண்ணே நீங்க? இது சுற்றுலா வருஷமாம். அரசாங்கம் அறிவிச்சிருச்சு. பாதி நாட்டுக்காரங்களுக்கு இனிமே விசாவே வேண்டாம். வந்து இறங்கினாப் போதும், நாம முத்திரை குத்தி உள்ள விடணும். நமக்கு இன்னிக்கு மத்தியானம் மீட்டிங்."

மீட்டிங்கில் தலைமை அதிகாரி விவரமாகச் சொன்னார். நூல் ஆலைகள் வரிசையாக மூடிவிட்டன. வெளியே ஏற்றி அனுப்பச் சரக்கு இல்லை, எண்ணெய் வாங்க வெளிநாட்டுப் பணம் மட்டும் வேண்டியிருக்கிறது. "நம்மகிட்ட விக்கிறதுக்கு மிச்சம் இருக்கிறது கடலும் வெயிலும்தான். நல்லவேளையா ரெண்டும் தீராது" என்றார். சிலர் சிரித்தார்கள். "வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இறங்கினா டாக்சிக்காரர் சாப்பிடறாரு, ஓட்டல்ல துணி துவைக்கிறவங்க சாப்பிடறாங்க, முட்டை விக்கிறவங்க சாப்பிடறாங்க. ஆனா அவர் இந்த மண்ணுல முதல்ல பாக்கிற முகம் யாரு? நீங்க. இத்தன நாளா நீங்க வாசல்ல கட்டிப்போட்ட நாய் மாதிரி உறுமிக்கிட்டு இருந்தீங்க. தப்பில்ல, அப்ப அதுதான் வேலை. இனிமே வேலை வேற."

எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. சிடுமூஞ்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் அம்மாவை அனுப்பியிருந்தார்கள். பெரிய ஓட்டல்களில் வரவேற்புப் பகுதியைக் கட்டி மேய்த்தவர். ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்தார். "பல்லுக்கு நடுவுல குறுக்க வெச்சுக்கோங்க. உதட்டால தொடாதீங்க. இப்ப உங்க கன்னம் எங்க இழுக்குதுன்னு கவனிங்க. அந்த இடம்தான். பென்சிலை எடுத்த பிறகும் கன்னம் அங்கயே நிக்கணும்." ஒரு அறை நிறைய அரசாங்க அதிகாரிகள் பென்சிலைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து வெடித்துச் சிரித்ததில் பென்சில்கள் தரையில் உருண்டன. அவர் மட்டும் பென்சிலைக் கவ்வியபடியே உட்கார்ந்திருந்தார்.

பென்சிலை எடுக்கச் சொன்னபோது அவர் கன்னம் சொன்ன இடத்தில் அப்படியே நின்றது. பயிற்சியாளர் அம்மா நெருங்கி வந்து பார்த்தார். "பிரமாதம் சார். கண்ணையும் கொஞ்சம் சுருக்குங்க... ஆங். அவ்வளவுதான். நீங்க ஏற்கனவே பழகியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குச் சிரிக்கும்போது உள்ளே ஏதாவது குறுக்கே வந்தது. ஒருவருக்கு வெட்கம், ஒருவருக்கு எரிச்சல், ஒருவருக்கு வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் குழந்தையின் ஞாபகம். அவருக்கு உள்ளே எதுவும் இல்லை. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் குடிவரலாம் என்பதுபோல, அந்தச் சிரிப்பு தடையில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் ஒவ்வொரு கூண்டுக்கும் வெளியே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதில் மூன்று பொத்தான்கள். பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் உம்மென்று இருக்கிற முகம். வருகிறவர்கள் தங்களுக்கு நடந்த உபசாரத்துக்குத் தகுந்தபடி ஒன்றை அழுத்திவிட்டுப் போகலாம். "அந்தச் சிவப்புக்கு உங்க மூஞ்சியைத்தான் மாடலா வெச்சிருப்பாங்கண்ணே" என்றாள் பக்கத்துக் கூண்டுக்காரி. அவர் முத்திரையைத் துடைத்துவைத்தார்.

அதன் பிறகு நடந்ததை அவளே நம்பவில்லை. பாஸ்போர்ட் கூண்டுக்குள் வந்ததும் அவர் நிமிர்வார். கன்னம் ஏறும், கண் சுருங்கும், பல் தெரியும். வந்தவர்களின் மொழியில் ஒரு வணக்கம் சொல்வார். அதையும் பயிற்சியில்தான் மனப்பாடம் செய்திருந்தார். முத்திரை விழும். அந்த ஆள் நகர்ந்ததும் முகம் தானாக இறங்கிவிடும், அடுத்த ஆளுக்கு ஏறும். வெளியே பச்சைப் பொத்தான் டிக் என்று கேட்கும். நாள் முழுக்க அந்த டிக் சத்தம். அவருக்கு அது கடிகாரச் சத்தத்தைப் போலப் பழகிப்போனது.

ஒரே ஒரு தடவை, அப்பாவின் தோளில் இருந்த ஒரு வெளிநாட்டுக் குழந்தை அவர் சிரிப்பையே உற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழுதது. அப்பாக்காரர் மன்னிப்புக் கேட்டபடி பச்சையை அழுத்திவிட்டுப் போனார்.

வீட்டில் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. வருவார், கை கால் கழுவுவார், ரொட்டியும் முட்டையுமாக எதையாவது சாப்பிடுவார். மனைவியின் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட துணிகள் நாற்காலியில் இருந்தன. அளவெடுத்து வெட்டி, தைக்காமல் விட்ட திரைகள். யாருடையவை என்று தெரியவில்லை, யாரும் கேட்டு வரவும் இல்லை. அந்த நாற்காலியை விட்டுவிட்டு வேறு நாற்காலியில் உட்காரப் பழகினார். மகள் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்தாள். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேம்மா." "மாத்திரை?" "போட்டேன்." அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பார்கள்.

மருமகன் மட்டும் உற்சாகமாக இருந்தான். முன்பு சரக்கு வண்டி ஓட்டியவன், இப்போது அரசாங்கத்தின் சுற்றுலாக் கடனில் ஒரு வேன் எடுத்திருந்தான். "மாமா, உங்க கூண்டுல வரிசை சீக்கிரம் நகர்ந்தா எனக்குத்தான் லாபம். நீங்க உள்ள குத்துங்க, நான் வெளிய ஏத்திக்கிறேன். குடும்பத் தொழில் மாதிரி ஆகிப்போச்சு" என்று சிரிப்பான். உண்மையில் ஊர் மாறிக்கொண்டுதான் இருந்தது. கடற்கரைச் சாலையில் விளக்குகள் வந்தன. மூடிக் கிடந்த ஆலையின் விடுதியை வெள்ளையடித்து ஓட்டலாக்கியிருந்தார்கள். வேலையில்லாமல் திண்டாடிய பல பேர் அங்கே சீருடை போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதையெல்லாம் அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நல்லதுதான் என்று நினைத்தார். அந்த நினைப்பும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

வருட நடுவில் ஒரு நாள் தலைமை அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். நாட்டிலுள்ள எல்லா விமான நிலையங்களையும் சேர்த்து அதிகப் பச்சை விழுந்த கூண்டு அவருடையதாம். அமைச்சர் வந்து கேடயம் கொடுப்பாராம். "யார் நெனச்சா சார் இத" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய அதிகாரிக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "வீட்டுல இப்படி ஒண்ணு நடந்த பிறகும்... உங்களால எப்படி முடிஞ்சுதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வருகைக் கூடத்திலேயே விழா. கேடயத்தை வாங்கும்போது புகைப்படக்காரர்கள், "சார், இந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். கன்னம் ஏறியது. மறுநாள் செய்தித்தாளில் பெரிதாகப் போட்டிருந்தார்கள், கீழே ‘நாட்டின் முதல் புன்னகை’ என்று எழுதி. சுற்றுலாத் துறைக்கு அந்த வரி பிடித்துப்போனது. அதே படத்தை ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கி, விமான நிலையச் சாலையில் விளம்பரப் பலகையாக நிறுத்திவிட்டார்கள். அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அவரும் போட்டார்.

மருமகன் செய்தித்தாளை வெட்டி வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தான். ஏறுகிறவர்களிடமெல்லாம், "என் மாமனார்" என்று காட்டினான். மகள் அதை முதல் தடவை பார்த்ததுமே கிட்ட வந்தாளாம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, முழுசாகக் கிழித்து எடுத்து, சுருட்டி வெளியே எறிந்துவிட்டாளாம். மருமகன் இதை அவரிடம் சொன்னபோது, அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. "அவ அந்தப் பலகை இருக்கிற ரோட்டுல போறதே இல்ல மாமா. ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறிச் சுத்திக்கிட்டுப் போறா. உங்களுக்கும் போன் பண்றதில்லைன்னு தெரியும். நீங்களே ஒருதரம் வந்து பேசுங்களேன்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, சில வாரங்களாகவே போன் வரவில்லை.

விடுமுறை நாளில் மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் சவாரிக்குப் போயிருந்தான். அவள் சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் எதிரே உட்கார்ந்தார். சிவப்புப் பேனா தாளின் மேல் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டீ போடட்டுமா?" என்றாள் தலையைத் தூக்காமல்.

"வேண்டாம்மா."

இன்னும் ஒரு தாளைத் திருத்தி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "அம்மா இருந்தப்ப ஒரு நாள்... ஒரே ஒரு நாள் நீங்க அப்படிச் சிரிச்சிருக்கீங்களாப்பா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அவங்க எவ்வளவு ஜோக் அடிச்சாங்க. பாலு திரியும்னாங்க, அந்தப் பக்கம் திரும்புங்கன்னாங்க. நீங்க பதிலுக்குச் சிரிப்பீங்கன்னுதான் அடிச்சாங்க. என்கிட்ட சொல்லியிருக்காங்க. இன்னிக்கு இல்லன்னா நாளைக்குச் சிரிக்க வெச்சிடுவேன்டின்னு. கடைசியில யாருக்குச் சிரிச்சீங்க? வெயில் காய வந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு. அதுவும் அம்மா போன மறு மாசமே."

அவருக்கு அது புதுச் செய்தி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாளா? இத்தனை வருடம் அவள் தனக்காகச் சிரித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். அந்தச் செய்தி எங்காவது போய்க் குத்தும் என்று காத்திருந்தார். குத்தவில்லை. குத்தாதது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"அது சிரிப்பு இல்லம்மா" என்றார். "சொல்லிக் குடுத்தாங்க. பென்சிலைக் கடிச்சுக்கிட்டுப் பழகணும். பல்லு தெரியுது, அவ்வளவுதான்."

"உங்களுக்கு அழுகையாவது வந்துதா? ஆஸ்பத்திரியில வரல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வரல. இன்னும் வரல." முழங்காலை ஒரு தடவை தட்டினார். "சம்மணம் போட்டு உக்காந்தா கால் மரத்துப்போகும்ல. தட்டிப் பாப்போம், கிள்ளிப் பாப்போம். நம்ம கால்தான், ஆனா யாரோட காலோ மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்கு எனக்கு. உள்ள முழுக்க. போன் பெட்டியில அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நான் முத்திரை குத்திக்கிட்டு இருந்தேன். அத நெனச்சுப் பாக்கிறேன். தெனமும் பாக்கிறேன். ஒண்ணும் ஆக மாட்டேங்குது."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு, எதற்கென்று தெரியாமல், "அந்தச் சிரிப்பை இப்ப சிரிச்சுக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"காட்டுங்கப்பா."

அவர் நிமிர்ந்தார். கன்னம் ஏறியது, கண் சுருங்கியது, பல் தெரிந்தது. பலகையில் இருந்த அதே சிரிப்பு. மேசைக்கு எதிர்ப் பக்கத்தில், அவ்வளவு கிட்டத்தில், அவள் அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"போதும்ப்பா" என்றாள் மெதுவாக. "போதும், விட்டுடுங்க."

முகம் இறங்கியது. அவள் கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கோவம் மட்டும்தான் வருது. வகுப்புல புள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன். இவர்கிட்டயும்தான். உங்கள நெனச்சாலே எரியுது. கோவம் போயிட்டா உள்ள என்ன இருக்கும்னு பயமா இருக்கு."

"கோவம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "போன் மட்டும் பண்ணு. திட்டறதுக்காகவாவது பண்ணு."

அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது அவள் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். அவர் துடைத்து அடுக்கினார்.

விடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை அவர் கூண்டுக்குப் போனார், பச்சைப் பொத்தான் டிக் என்றது. பலகை எடுக்கப்பட வேண்டும் என்று விண்ணப்பம் எதுவும் அவர் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டார். மகள் போன் செய்தாள். சில நாள் திட்டினாள், சில நாள் மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

சுற்றுலா வருடம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனதாக அரசாங்கம் சொன்னது. அடுத்த வருடமும் அதையே தொடர்ந்தார்கள், இன்னும் வேகமாக. வருகிறவர்கள் வரிசையில் நிற்கவே கூடாது என்று தானியங்கிக் கதவுகளை வாங்கினார்கள். பாஸ்போர்ட்டைக் கண்ணாடி மேல் வைத்து, கேமராவைப் பார்த்தால் போதும், கதவு திறந்துகொள்ளும். கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஓரத்துக் கூண்டைக் கழற்றிய அன்று அவர் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளே நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. பக்கத்துக் கூண்டுக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்கு ஒண்ணும் தோணலையாண்ணே?" என்றாள். "புது எடம் எங்க போடுவாங்களோ" என்றார் அவர்.

பின்கட்டில், பழைய பதிவுகள் இருக்கும் அறையில் போட்டார்கள். அங்கே யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. பொருத்தமான வேலை என்று மருமகன் சொல்லி, உடனே மனைவியின் முறைப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு இப்போது இரண்டு வேன்கள். பலகையில் அவர் படத்தைக் கிழித்துவிட்டு ஒரு அருவியை ஒட்டினார்கள். மகள் மறுபடியும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள்.

விடுமுறை நாட்களில் அவர் அவள் வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அவள் தாள் திருத்துவாள், பிள்ளைகள் எழுதிய அசட்டுத்தனங்களை வாசித்துக் காட்டுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிக்க மாட்டார். அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் சமைக்கத் தொடங்கியவள் வெங்காயம் இல்லை என்று பையைக் கொடுத்து அவரைக் கடைக்கு அனுப்பினாள். தெருமுனையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்கும் நல்ல வயது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வழி புரியாமல் அவரை நிறுத்தினார்கள். கடற்கரைக்குப் போக வேண்டுமாம். அவர் கையால் காட்டிப் பார்த்தார், அவர்களுக்குப் பிடிபடவில்லை. சரி என்று கூடவே நடந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி போல, மெல்லத்தான் நடந்தார். கணவர் மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெரிய சாலை திரும்பும் இடம் வந்ததும், நேரே போகச் சொல்லிக் காட்டினார். அவர் கன்னம் ஏறவில்லை, ஏற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர்கள் அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், நடந்தார்கள்.

இரண்டு பேரும் கொஞ்ச தூரம் போகும் வரை, கணவரின் தோளில் ஆடுகிற அந்தக் கைப்பையைப் பார்த்தபடி அவர் அங்கேயே நின்றார். பிறகு கடைக்குப் போய், சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா என்று கேட்க மறந்து வந்தது நினைவுக்கு வந்து, இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்பினார்.